தண்ணீரை நம்பித் தூக்கிய தூண்

உப்புச் சத்தியாக்கிரகம் நடந்ததற்கு அடுத்த வருஷம், கார்த்திகை மாதம். இடம், நேமத்தான்பட்டியில் ஒரு செட்டியார் வீடு. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் பிட்டராக இருந்தேன். எஞ்சின் நின்றுபோனால் ஊரே என்னைத் தேடும். ஓடிக்கொண்டிருந்தால் நாய்கூடச் சீந்தாது. அதனாலேயே எனக்கு வாய் கொஞ்சம் நீளம், தலைக்கனமும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போகும் சம்பவத்தில் நான் நல்லவன் இல்லை.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. அந்த வீட்டு உள்முற்றத்தின் மூலையில், சுவரை ஒட்டினாற்போல் நின்ற ஒரு பர்மா தேக்குத் தூணின் அடியில் தண்ணீர் புகுந்து மண்ணைக் கரைத்துவிட்டது. தூணைத் தாங்கிய பாதக்கல் விரிந்து, தூண் மூன்று விரற்கடை கீழே இறங்கியிருந்தது. மேலே உத்தரம் ஒரு பக்கம் சாய்ந்து, ஓட்டுக்கூரை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பன்னிரண்டு நாளில் அதே முற்றத்தில் அந்த வீட்டு மூத்த மகளுக்குக் கல்யாணம்.

பெண்ணின் அப்பா பர்மாவில் கடை வைத்திருந்தார். கப்பல் ஏறிக் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து சேர்வதாக இருந்தது. வீட்டில் இருந்தது பெண்ணின் அம்மாவும், அப்பாவின் அண்ணனும். அண்ணனை நான் பெரியவர் என்றே சொல்கிறேன். அம்மாவை எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் ஆச்சி என்பேன். ஆச்சி என்றதும் நரைத்த தலையை நினைத்துவிடாதீர்கள், எங்கள் பக்கத்தில் செட்டியார் வீட்டு மணமான பெண்கள் எல்லோரும் ஆச்சிதான். இந்த ஆச்சிக்கு நாற்பது வயது இருந்தால் அதிகம்.

கூரையைப் பிரித்து, உத்தரத்தை இறக்கி, கல்லை மாற்றி மறுபடி ஏற்ற ஒரு மாதம் ஆகும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அப்போதுதான் யாரோ என் பேரைச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் ரங்கூனில் அரிசி ஆலையில் இருந்த காலத்தில், ஒரு பெரிய பாய்லரைத் தண்ணீர் ஜாக்கி வைத்துத் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஓர் ஆள் கைப்பிடியை ஆட்டினான், யானை கணக்கில் கிடந்த பாய்லர் மெல்ல எழுந்தது. அந்தக் காட்சி என்னை விடவே இல்லை. ஊருக்கு வந்தபின் ஆலையில் மூலையில் கிடந்த பழைய எஞ்சினின் சிலிண்டரைக் கேட்டு வாங்கி நானே ஒன்று செய்தேன். விஷயம் எளிதுதான். பத்து அங்குல வாய் உள்ள பெரிய உருளை ஒன்று, ஓர் அங்குல வாய் உள்ள சின்னப் பம்பு ஒன்று, இரண்டையும் இணைக்க ஓர் இரும்புக் குழாய். சின்னதில் அழுத்தினால் பெரியதில் நூறு மடங்கு தூக்கும். அதற்குப் பதில் நூறு முறை அடித்தால்தான் ஓர் அங்குலம் ஏறும். தண்ணீர் ஒருவழியாகவே போக, பம்புக்கு உள்ளே வரும் வழியில் பால்ரஸ் என்கிற வழவழப்பான இரும்புக் குண்டு ஒன்று, வெளியே போகும் வழியில் ஒரு பால்ரஸ் குண்டு. அந்த இரண்டு குண்டும் தங்கள் குழியில் ஒட்டி உட்கார்ந்தால்தான் ஏறிய பாரம் ஏறிய இடத்தில் நிற்கும். அதற்காக எட்டு நாள் உட்கார்ந்து எமரித் தூள் போட்டுத் தேய்த்தேன்.

முதல் தடவை சோதித்தபோது தோல் வாஷர் பிய்ந்து, ஆலை முதலாளியின் சலவை வேட்டி முழுக்கத் தண்ணீர். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு தோலை விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, மர அச்சில் கிண்ணம்போல் அழுத்தி எடுத்துப் போட்டேன். நெல் மூட்டை அடுக்கிய வண்டியைத் தூக்கி அரை நாள் நிறுத்திக் காட்டினேன். ஒரு நூல்கூட இறங்கவில்லை. அதோடு எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

பெரியவர் நேராகவே கேட்டார். "பன்னண்டு நாள்ல கல்யாணம். முடியும்னா சொல்லு, முடியாதுன்னா இப்பவே போயிரு." முடியும் என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். வண்டி வேறு, கூரை வேறு. வண்டி விழுந்தால் மூட்டைதான் கிழியும்.

தூணின் இடுப்பில் இரும்புப் பட்டை போட்டு, அதோடு ஒரு கனத்த கட்டையைக் குறுக்கே பிணைத்தோம். கட்டையின் ஒரு முனை கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தது, மறுமுனை என் உருளையின் மேல். உருளை ஏறினால் கட்டை ஏறும், கட்டையோடு தூணும் ஏறும். தூண் அந்தரத்தில் நிற்கும்போது கொத்தனார் கீழே படுத்து, உடைந்த கல்லை எடுத்துவிட்டு, அடியைக் கெட்டித்துப் புதுக்கல் வைக்க வேண்டும். பக்கத்தில் சுவர் இருந்ததால் பின்புறமாகப் போக வழி இல்லை. தூணுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் கையை முழங்கை வரை விட்டுத்தான் வேலை பார்க்க முடியும். ஐந்து பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற கை அது.

கொத்தனார் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நிதானமான மனிதர். "ஏற ஏற அண்டைக்கு ரெண்டு கட்டை சொருகிக்கிருவம் பிட்டரே. தண்ணிய நம்பிக் கைய விட முடியுமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "தண்ணி அமுக்குனா சுருங்காதுண்ணே, பாறை மாதிரி நிக்கும். கட்டையெல்லாம் எடஞ்சல்" என்று சொல்லிவிட்டேன். அவர் கொண்டுவந்திருந்த கட்டைகளையும் வெளியே போடச் செய்தேன். வெளியே வீறாப்பாகப் பேசினேனே தவிர, உள்ளே எனக்கு உதறல்தான்.

வேலை நாள் விடியற்காலை கிளம்பும்போது என் மனைவி, வீட்டில் இருந்த அரிசியில் மஞ்சளைத் தேய்த்து, எங்கள் குலசாமியை நினைத்து, என் துண்டு முனையில் முடிந்துவிட்டாள். மெஷின் மேலே தூவிவிட்டு ஆரம்பியுங்கள் என்றாள். நான் எந்திரம் படித்தவன், இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். முற்றத்தில் அப்போது ஒருவரும் இல்லை. பம்புக்குத் தண்ணீர் எடுக்க ஒரு செப்புத் தவலையை நிரப்பி வைத்திருந்தேன். இறங்கி நின்ற தூணையும், பிளந்த கூரையையும் அண்ணாந்து பார்த்தேன். பயம் பிடித்துக்கொண்டது. முடிச்சை அவிழ்த்து, யார் கண்ணிலும் படக்கூடாது என்று அந்த அரிசியைத் தவலைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டேன். அது அடியில் போய்ப் படிந்தது. பிறகு என்ன தோன்றியதோ, பம்பு தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில் கட்ட வேண்டிய வடிகட்டித் துணியைத் தவலையின் வாயில் கட்டிவிட்டேன். வெளியிலிருந்து தூசி விழக்கூடாதாம். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

சற்று நேரத்தில் வீடு கூடியது. சங்கு ஊதினார்கள், தேங்காய் உடைத்தார்கள். ஆச்சி சந்தனக் கிண்ணத்தோடும் மஞ்சள் அரிசித் தட்டோடும் எந்திரத்தின் பக்கம் வந்தார்கள். "ஒரு பொட்டுச் சந்தனம் மட்டும் வச்சுக்கிறேன் தம்பி" என்று தயங்கியபடி கேட்டார்கள். நான் எல்லோர் முன்னாலும் கத்தினேன். "ஆச்சி, இது எந்திரம், சாமியில்ல. ஒரு துரும்பு உள்ள போனாலும் வம்பு. அங்குட்டுத் தள்ளி நில்லுங்க." அவர்கள் முகம் சுண்டிப்போயிற்று. ஒதுங்கி நின்று, தூணின் மேலும் கொத்தனார் தலை மேலும் நாலு அட்சதையைத் தூவினார்கள்.

அடிக்க ஆரம்பித்தேன். முதல் ஐம்பது அடிக்கு ஒன்றும் தெரியவில்லை. என் உள்ளங்கை வியர்த்துக் கைப்பிடி வழுக்கியது. பிறகு மேலே உத்தரம் மடக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது. பெண்கள் அலறினார்கள். கொத்தனார் மட்டும் குனிந்து பார்த்து, ஏறுது ஏறுது என்றார். சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். அதன் மேல் ஒரு கண், கைப்பிடியில் ஒரு கண். முற்பகல் முழுவதும் அடித்து, தூணைப் பழைய மட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். கூரையின் பிளவு மூடிக்கொண்டது. கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ரங்கூன் துரையாகவே ஆகிவிட்டேன்.

கொத்தனார் உடைந்த கல்லை எடுத்தார், ஜல்லியைப் போட்டுக் கெட்டித்தார். பிறகு தரையோடு கன்னத்தை வைத்துப் படுத்து, வலது கையை இடுக்குக்குள் முழங்கை வரை விட்டு, அந்தப்புறம் சுண்ணாம்புச் சாந்து அப்பிக்கொண்டிருந்தார். தவலையில் தண்ணீர் குறைந்திருந்தது. நான் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினேன். தூண் இன்னும் ஒரு நூல் ஏறினால் கல் வைக்கத் தோதாக இருக்கும் என்று அவர் சொல்ல, நாலு அடி அடித்தேன்.

அடித்துவிட்டுக் கையை எடுத்தேன். கைப்பிடி தானாக மேலே எழுந்தது. தவலைக்குள் குபுகுபுவென்று குமிழ். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தேன். கோடு விலகிக்கொண்டிருந்தது.

ஐயோ, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்!  கையை எடுங்க, கையை எடுங்க என்று கிறுக்கன்போல் கத்தினேன். அவர் இழுத்தார். முழங்கை மடங்கியிருந்ததால் திருப்பித்தான் எடுக்க வேண்டும், திருப்புவதற்குள் தூண் கையைத் தொட்டுவிட்டது. "யாத்தே!" என்று அவர் போட்ட சத்தத்தில் முற்றமே நடுங்கியது.

பாய்ந்து கைப்பிடியைப் பிடித்து அடித்தேன். வேகமாக அடித்தால் ஒரு மயிரிழை ஏறியது, மூச்சு வாங்க நிறுத்தினால் இறங்கியது. இன்னோர் ஆளும் வந்து பிடித்தான். இரண்டு பேருமாக அடித்தும் தூண் அந்தக் கையை விடுவேனா என்று நின்றது. கட்டை கொண்டு வா, கட்டை கொண்டு வா என்று கத்தினேன். கட்டைதான் எடஞ்சல் என்று சொல்லி எல்லாவற்றையும் வெளியே போடச் செய்திருந்தேனே! கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளை பேராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். என் தோள் விட்டுப்போய்க்கொண்டிருந்தது. முருகா, முருகா என்று அழுதுகொண்டே அடித்தேன்.

ஆச்சி ஓடுவதைப் பார்த்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரச் செய்துவைத்திருந்த புது மணைப்பலகைகள் இரண்டும் பக்கத்து அறையில் இருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் அதில் ஒரு கீறல் விழுவதைக்கூட யாரும் பொறுக்க மாட்டார்கள். அந்த இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, தரையில் முட்டி போட்டு, கொத்தனாரின் கைக்குப் பக்கத்திலேயே இடுக்குக்குள் திணித்து, காலால் உதைத்து உள்ளே தள்ளினார்கள். மேல்பலகை படீரென்று நெடுக விரிந்தது. ஆனால் தாங்கிவிட்டது. கொத்தனார் உருவிய கையில் தோல் உரிந்து தொங்கியது. எலும்பு முறியவில்லை. சுண்டுவிரல் மட்டும் பிறகு நிமிரவே இல்லை.

அவரைக் கட்டுப் போட அழைத்துப் போனார்கள். கட்டைகள் வந்து, தூணுக்கு முட்டும் கொடுத்தாயிற்று. பெரியவர் என் முன்னால் வந்து நின்று, ஏன் இறங்கியது என்று கேட்டார். குண்டு இருந்த வால்வுகளைக் கழற்றினேன். இரண்டு குண்டின் அடியிலும் ஊறிப்போன மஞ்சள் அரிசி ஒவ்வொன்று. நான் குடத்தை ஊற்றியபோது தவலையின் அடியில் படிந்திருந்தது கலங்கிக் குழாயில் ஏறியிருக்கிறது. உள்ளங்கையில் தட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள்.

நான் போட்டது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.  பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, ஆச்சியைப் பார்த்தார். படித்துப் படித்துச் சொன்னானே, உன் அரிசியால் ஒரு மனிதன் கை போயிருக்குமே என்று கண்டபடி ஏசினார். ஆச்சி என் அருகில் வந்தார்கள். என் உள்ளங்கையிலிருந்து ஓர் அரிசியை எடுத்து, விரலில் வைத்து உருட்டிப் பார்த்தார்கள். என் முகத்தையும் ஒரு முறை பார்த்தார்கள். "ஆமா, என் கைத்தப்புத்தான்" என்றார்கள். பெரியவர் அதோடு விடவில்லை. கல்யாணக் காரியம் எதிலும் இனி உன் கை படக்கூடாது என்று அத்தனை பேர் நடுவிலும் சொல்லிவிட்டார்.

மறுநாள் வடிகட்டியை ஒழுங்காகக் கட்டி, ஏற ஏறக் கட்டை வைத்து, கொத்தனாரின் ஆட்களோடு வேலையை முடித்தோம். எனக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன். அப்புறம் எட்டு நாள் இதே யோசனைதான். சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன். கொத்தனாரின் ஆட்கள் என்னைச் சும்மா விடுவார்களா என்று மத்தியானம் பயம் வரும். ஆலை வேலையும் போய்விடும் என்று சாயங்காலம் இன்னொரு பயம். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, தூணை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகச் சொல்லி ஆள் வந்தது. போனேன். தூண் நூல் பிடித்ததுபோல் நின்றது. முற்றம் நிறையப் பெண்கள், தாம்பாளம் தாம்பாளமாகச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆச்சி மட்டும் இரண்டாம் கட்டு நிலைப்படிக்கு அந்தப்புறம், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெண் ஏதோ கேட்டு அம்மாவை நோக்கி ஒரு தட்டை நீட்ட, பெரியவர் தொண்டையைச் செருமினார். ஆச்சி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் கண் கலங்கியதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

பெரியவர் காலடியில் துண்டைப் போட்டேன். அந்த அரிசி நான் போட்டது, விடியற்காலையில் வந்து நானே தவலைக்குள் போட்டேன், ஆச்சி தூவியது எந்திரத்தின் பக்கமே வரவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.  கைக்கட்டோடு அங்கே உட்கார்ந்திருந்த கொத்தனார் எழுந்து வந்தார். அடிதான் விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். "அடப்பாவி மனுசா, கட்டையப் போடச் சொன்னா அரிசியப் போட்டீகளா?" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.  மன்னிப்பு என்ற வார்த்தை பெரியவர் வாயில் வரவில்லை. "ஒம் மகளுக்கு நீயே எல்லாம் செய்யி" என்று மட்டும் ஆச்சியிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

நான் ஆச்சியின் முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. அவர்கள் மெதுவான குரலில் சொன்னார்கள். "எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. நான் தூவுனது பச்சரிசி. ஒங்க கையில இருந்தது புழுங்கலரிசி. எந்த ஆச்சியாவது அட்சதைக்குப் புழுங்கல எடுப்பாளா? கொத்தனாரு ஆளுக கடப்பாரையும் கையுமா நின்னாக. ஒங்க பேரச் சொன்னா என்ன ஆகியிருக்கும்? என்னைய ஏசத்தானே செய்வாகன்னு இருந்துட்டேன்." பிறகு, "ஆனா நீங்க வந்து சொல்லிருவீகன்னு தினமும் வாசலப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்கள்.

நாள் முழுக்க அரிசியிலேயே புழங்குகிறவன் நான். பயத்தில் அந்த வித்தியாசம்கூட என் கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு அந்த எந்திரத்தை வைத்து எத்தனையோ பாரம் தூக்கினேன். கட்டை வைக்காமல் ஒரு விரற்கடைகூட ஏற்றியதில்லை. அதெல்லாம் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். ஆனால், தன் மகள் கல்யாணத்தில் கைகட்டி நின்றபடி, ஊர் பேர் தெரியாத ஒரு பிட்டர் யோக்கியனாகத் திரும்பி வருவான் என்று ஒரு தாய் எட்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அவளை நான் எட்டு நாள் காக்க வைத்துவிட்டேனே என்ற வெட்கம் இன்றைக்கும் என்னைவிட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.